உலை காணாத செம்பு

நியூ ஜேர்சியில் வந்து குடியேறும் எம்மவர்கள் முதற் கோடையிலேயே பிள்ளைகளைக் கூட்டிச் சென்று காட்டும் இடங்களில் ஒன்று சுதந்திரதேவி சிலை. படகேறித் தீவுக்குப் போக வசதிப்படாவிட்டாலும் ஜேர்சி சிற்றியின் லிபேர்ட்டி பூங்காவில் நின்றால் போதும், எதிரே தெரியும். கலிபோர்னியாவிலிருந்தோ ரெக்சாசிலிருந்தோ உறவினர் வந்தால் திரும்பவும் அங்கேதான் போகிறோம். அகதியாக வந்தவரின் மனதில் அந்தச் சிலை என்ன செய்யும் என்பதை நாம் விளக்கத் தேவையில்லை. ஆனால் அது எதனால் ஆனது என்று கேட்டுப் பாருங்கள். கல் என்பார்கள் சிலர். பச்சை வர்ணம் பூசிய சீமெந்து என்பார்கள் வேறு சிலர்.

அது செம்பு. 1886 ஒக்ரோபர் 28ஆம் நாள் திறந்து வைக்கப்பட்டபோது துலக்கிய செம்புக் குடம் போலச் சிவந்து நின்றது. கடற்காற்று பட்டு, இருபது ஆண்டுகளுக்குள் பச்சையாகிவிட்டது. அந்தப் பச்சை வேறொன்றுமல்ல, களிம்பு. உயிரைப் பற்றியுள்ள ஆணவ மலத்துக்குச் செம்பிலுள்ள களிம்பைச் சைவ சித்தாந்தம் உவமை சொல்வதை ஊரில் கோயிற் பிரசங்கங்களிற் கேட்டிருப்பீர்கள். அங்கே அது நீங்கவேண்டிய அழுக்கு. இங்கேயோ அந்தக் களிம்புதான் மேலே தோலாகப் படிந்து உள்ளேயுள்ள செம்பை நூறாண்டுக்கு மேலாகக் காத்து நிற்கிறது!

இன்னொரு செய்தி. எமது நடராசர் சிலையைப் போல அது உருக்கி வார்க்கப்பட்டதன்று. ஏறத்தாழ 300 செம்புத் தகடுகளை மர அச்சுகளில் வைத்துச் சுத்தியலால் அடித்து அடித்தே உருவாக்கினார்கள். தகட்டின் தடிப்பு 2.4 மில்லிமீற்றர்தான். இரண்டு சதக் குற்றிகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்த அளவுக்கும் சற்றுக் குறைவு. அந்த வேலை பாரிஸ் நகரத்திலே நடந்தது. ஆனால் செம்பை உருக்காமல் அடித்தே பொருள் செய்யும் கலை, இந்தக் கண்டத்தின் மண்ணிலே அந்தச் சிலைக்கு ஒன்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. அதைச் செய்தவர்கள் இந்நாட்டின் பூர்வீக மக்கள். இக்கட்டுரை அவர்களைப் பற்றியது.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. எமது பிள்ளைகள் பாடசாலையிலிருந்து கொண்டுவரும் சரித்திரப் புத்தகங்களில் ஒரு ஏணி வரையப்பட்டிருக்கும். கற்காலம், அதன்மேல் செம்பு அல்லது வெண்கலக் காலம், அதன்மேல் இரும்புக் காலம். டென்மார்க் நாட்டின் நூதனசாலைப் பொருட்களை ஒழுங்குபடுத்துவதற்காகத் தொம்சன் என்பவர் வகுத்து, 1836இல் வெளியான வழிகாட்டி நூலில் விளக்கிய முறை அது. அலுமாரிகளில் பொருட்களை அடுக்குவதற்கு நல்ல முறைதான். ஆனால் பின்னர் அதையே மனித இனங்களை அளக்கும் கோலாக்கிவிட்டார்கள். இந்த ஏணியில் அமெரிக்கப் பூர்வீக மக்களைக் கீழ்ப் படியிலே நிறுத்தி, வெள்ளையர் வரும்வரை கற்காலத்திலேயே இருந்தவர்கள் என்று சொல்லும் வழக்கம் இன்னும் முற்றாக ஒழியவில்லை. பிள்ளை அதைப் படித்துவிட்டு வந்து, "அப்பா, நாங்கள் எந்தப் படியில் இருந்தோம்?" என்று கேட்டால் என்ன சொல்வது?

ஏரிக்கரையில் கிடந்த உலோகம்

கனடாவின் எல்லையில் சுப்பீரியர் என்ற பேரேரி இருக்கிறது. அதன் தென்கரையிலிருந்து மிச்சிகன் மாநிலத்தின் கீவினோ என்ற தீபகற்பம் ஏரிக்குள் நீண்டு கிடக்கிறது. எதிரே ஐல் றோயல் என்ற தீவு. இவ்விரு இடங்களிலும் இயற்கை ஒரு விந்தை செய்து வைத்திருக்கிறது. உலகின் பெரும்பாலான இடங்களில் செம்பு வேறு பொருட்களோடு சேர்ந்து கல்லாகக் கிடக்கும். அதைக் கரியோடு சுட்டு, உருக்கிப் பிரித்தாலன்றி உலோகம் கிடையாது. இங்கோ செம்பு செம்பாகவே, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் சுத்தமாக, பாறை வெடிப்புகளில் கிடந்தது. பனிக்காலப் பனியாறுகள் பாறைகளை உரசிச் சென்றபோது கட்டி கட்டியாகப் பெயர்த்து, விஸ்கொன்சின் வரைக்கும் சிதறிவிட்டும் போயின.

இந்தக் கட்டிகளை முதலிற் கண்டெடுத்தவர், இது உடையாத கல், அடித்தால் நசிகிற கல் என்று வியந்திருக்க வேண்டும். பின்னர் அவர்கள் பொறுக்குவதோடு நிற்கவில்லை. பாறையில் நெருப்பு மூட்டிச் சூடாக்கி, உருண்டைக் கற்களால் மோதி உடைத்து, குழி குழியாகத் தோண்டிச் செம்பை எடுத்தார்கள். அத்தகைய குழிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஐல் றோயல் தீவுக்கு அந்தக் குளிர் ஏரியைத் தோணியிற் கடந்து போய் எடுத்திருக்கிறார்கள். நெடுந்தீவுக்குக் காற்றுக் காலத்தில் வள்ளத்தில் போனவர்களுக்கு அது எவ்வளவு துணிச்சலான வேலை என்பது விளங்கும்.

ஈட்டி முனை, கத்தி, கோடரி, தூண்டில் முள், துளையூசி என்று அவர்கள் செய்த பொருட்கள் பல. இவற்றின் வயதைப் பற்றி ஆய்வாளர் நெடுங்காலம் வாதாடினார்கள். டேவிட் பொம்பியானியும் அவருடன் சேர்ந்தோரும் 2021இல் வெளியிட்ட ஆய்வு, செம்புப் பொருட்களோடு ஒட்டியிருந்த மரம், நார் முதலியவற்றின் காலக் கணிப்புகளையும் ஏரிகளின் அடிச்சேற்றையும் வைத்து, இந்தக் கைத்தொழில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முன் தொடங்கியதென்று கூறுகிறது. ஏரிச்சேற்றுக்கும் செம்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். செம்பெடுக்க மூட்டிய நெருப்பின் புகையில் ஈயம் நுண்ணிய அளவில் கலந்திருந்தது. அது அருகேயுள்ள ஏரிகளில் விழுந்து, ஆண்டுக்காண்டு சேறாகப் படிந்துவிட்டது. எந்தப் படையில் ஈயம் கூடுகிறதோ அந்தக் காலத்தில் மனிதர் அங்கே வேலை செய்தார்கள். எழுதி வைக்காத மக்களின் கணக்கை ஏரி எழுதி வைத்திருக்கிறது.

உலகத்திலேயே மிகப் பழைய செம்பு வேலைகளில் ஒன்று துருக்கியிலுள்ள சாயோனு என்ற இடத்தில் கிடைத்தது. அது ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முந்தியது. ஆகவே அமெரிக்கப் பூர்வீக மக்களும் அதே யுகத்தினர்தான். யாரிடமும் கற்காமல் தாமே கண்டுபிடித்தவர்கள். ஆனால் 19ஆம் நூற்றாண்டில் வெள்ளையர் சுரங்கம் தோண்ட வந்தபோது இதை நம்ப மறுத்துவிட்டார்கள். 1840களின் இறுதியில் ஒரு பழங்குழியைத் துப்புரவாக்கியபோது, ஆறு தொன் எடையுள்ள செம்புப் பாளம் மரக்கட்டைகளின்மேல் தூக்கி வைக்கப்பட்டிருப்பதைக் கண்டார்கள். இதை இந்தியர் செய்திருக்க முடியாது, கடல் கடந்து வந்த பினீசியர் செய்தது, அழிந்துபோன வேறொரு இனம் செய்தது என்றெல்லாம் கதை கட்டினார்கள். ஒரு மண்ணின் பழம்பொருளை அந்த மண்ணின் மக்களுக்கு இல்லாமற் செய்யும் இந்த வித்தை எமக்குப் புதிதல்ல.

தட்டார் அறிந்த இரகசியம்

செம்பைச் சும்மா அடித்துக்கொண்டே போக முடியாது. பத்து அடிக்கு நசியும், நூறு அடிக்கு விறைக்கும், மேலும் அடித்தால் ஓரத்தில் வெடித்துவிடும். உலோகத்தின் உள்ளேயுள்ள மணிகள் நெருங்கிச் சிக்குப்பட்டு, நகர இடமின்றிப் போவதே காரணம். அப்போது அதை நெருப்பிலிட்டு மங்கலாகச் சிவக்கும்வரை காய்ச்சினால் சிக்கு அவிழ்ந்து புதிய மணிகள் பிறக்கும், செம்பு மீண்டும் இளகும். மறுபடி அடிக்கலாம். இதற்கு உலை வேண்டியதில்லை, விறகு நெருப்பே போதும். ஊரில் தட்டார் பொன் கம்பியைச் சற்று அடிப்பதும், கரிச்சட்டியில் வைத்து ஊதுகுழலால் ஊதுவதும், மீண்டும் அடிப்பதுமாக இருப்பதைக் குந்தியிருந்து பார்த்தவர்களுக்கு இது தெரிந்த காட்சி. தட்டார் என்ற பெயரே தட்டுவதிலிருந்து வந்ததுதான்.

வீட்டில் பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்டலாம். கடையில் விற்கும் தடித்த மின்சாரக் கம்பியில் ஒரு சாண் வெட்டி, பிளாஸ்ரிக் உறையை முற்றாக உரித்துவிட்டு, செம்பை ஒரு கல்லின்மேல் வைத்துச் சுத்தியலால் அடிக்கச் சொல்லுங்கள். கம்பி தட்டையாகி விறைத்த பின், பெரியவர் ஒருவர் குறட்டாற் பிடித்து எரிவாயு அடுப்பில் சிவக்கக் காய்ச்ச வேண்டும். தண்ணீரில் போட்டு ஆற்றலாம், சில வகை இரும்பைப் போல அதனால் செம்பு விறைக்காது. ஆறிய பின் பிள்ளையின் கையில் கொடுங்கள். சற்று முன் வளைய மறுத்தது இப்போது விரலுக்கு வளையும்.

உருக்குவது இதினின்றும் வேறான கதை. செம்பு உருக 1,085 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். திறந்த விறகு நெருப்பு சாதாரணமாக அந்த அளவை எட்டாது. மூடிய சூளையும் ஊதும் காற்றும் தேவை. பழைய உலகத்தில் மட்பாண்டம் சுட்டவர்கள் அந்த வெப்பத்தை நெருங்கியிருந்தார்கள், பச்சைக் கற்களும் அவர்களுக்கு அருகிலேயே கிடைத்தன. சேர்பியாவிலுள்ள பெலோவோடே என்ற இடத்தில் ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன் கல்லிலிருந்து செம்பைப் பிரித்த தடயங்கள் உள்ளன. எமது பக்கத்தில், பலூசிஸ்தானின் மெஹர்காரில் கிடைத்த சிறு சக்கர வடிவப் பதக்கம் ஒன்று 6,000 ஆண்டுகளுக்கு முந்தியது. மெழுகில் உருச் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் செம்பை வார்த்துச் செய்தது. சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் செய்வதும், பொலன்னறுவையில் கிடைத்துக் கொழும்பு நூதனசாலையில் இருக்கும் சைவப் படிமங்களைச் செய்ததும் இதே மெழுகு முறையில்தான்.

பேரேரி மக்களுக்கு உருக்கும் தேவையே எழவில்லை. சுத்தமான செம்பு காலடியில் கிடக்கும்போது எவன் கல்லைச் சுடுவான்?

ஏன் விட்டார்கள்?

ஏணிப் பாடத்துக்குப் பெரிய இடைஞ்சல் இனித்தான் வருகிறது. சில ஆயிரம் ஆண்டுகள் செம்பில் ஈட்டியும் கத்தியும் செய்த அதே மக்கள், பின்னர் படிப்படியாக அவற்றைக் கைவிட்டுக் கல்லுக்கும் எலும்புக்கும் திரும்பினார்கள். ஏணியில் ஏறியவர்கள் ஏன் இறங்கினார்கள்?

ஒகையோ மாநிலத்தின் கென்ற் பல்கலைக்கழகத்தில் மிஷேல் பெபர் என்ற ஆய்வாளர் இந்தக் கேள்விக்கு விடை தேடினார். பழைய முறையிலேயே செம்பு முனைகளையும் கத்திகளையும் செய்து, கல்லால் செய்தவற்றோடு ஒப்பிட்டுச் சோதித்தார். செம்பு பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை. கல் முனை போதிய அளவு குத்தியது, போதிய அளவு வெட்டியது. கல் எங்கும் கிடைக்கும், சில நிமிடத்தில் முனையாகும். செம்புக்கோ குழி தோண்ட வேண்டும், தோணி வலிக்க வேண்டும், விறகு எரிக்க வேண்டும். தோலைத் துளைக்கும் செம்பு ஊசி மட்டும் பின்னரும் தொடர்ந்து வழக்கில் இருந்தது. காலநிலை வறண்டு மக்களின் வாழ்க்கைமுறை மாறியதும் ஒரு காரணம் என்று பொம்பியானி குழுவினர் கருதுகிறார்கள். எப்படியாயினும் மறதியால் விடவில்லை, மூடத்தனத்தால் விடவில்லை. கணக்குப் பார்த்து விட்டிருக்கிறார்கள்.

செம்பையும் அவர்கள் அடியோடு விட்டுவிடவில்லை. கருவியாக இருந்தது மதிப்புப் பொருளாக மாறியது. ஒகையோவின் ஹோப்வெல் மண்மேடுகளில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் பறவை வடிவங்களும் மார்புத் தகடுகளும் செம்பில் செய்து இறந்தோருடன் புதைத்திருக்கிறார்கள். அம்மேடுகள் 2023இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தன. சென் லூயிஸ் நகருக்கு அருகே கஹோக்கியா என்ற பழைய பெருநகரில் ஒரு செம்புப் பட்டறையையே தோண்டி எடுத்துள்ளார்கள். அங்கும் அதே முறை: அடித்தல், காய்ச்சுதல், அடித்தல்.

ரெக்சாசில் இருக்கும் வாசகர்கள் டாலஸிலிருந்து வடகிழக்கே காரில் புறப்பட்டால் ஒக்லஹோமாவின் ஸ்பைறோ மண்மேடுகளைப் பார்த்து வரலாம். உருவங்கள் பொறித்த செம்புத் தகடுகள் கிடைத்த இடம் அது. 1933 முதல் 1935 வரை புதையல் தேடியோர் ஒரு கம்பனியே அமைத்து, அந்த மேட்டைக் குடைந்து, கிடைத்தவற்றை விற்றுத் தள்ளினார்கள்.

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதிக்கு இந்தச் செம்பு வரவில்லை. அங்குள்ள ஒலோனி மக்கள் நாபாப் பள்ளத்தாக்கிலிருந்து வந்த எரிமலைக் கண்ணாடியால் முனைகள் செய்தார்கள். உடைத்த எரிமலைக் கண்ணாடியின் ஓரத்தைவிடக் கூரான விளிம்பை உலோகத்தில் தீட்டி எடுப்பது கடினம். அவர்களின் பெரிய சிப்பிமேடு ஒன்று எமரிவில் நகரில் இருந்தது. 1924இல் அதைத் தரைமட்டமாக்கினார்கள். எம்மவர்கள் இப்போது துணி வாங்கப் போகும் கடைத்தொகுதி அந்த இடத்திலேதான் நிற்கிறது.

எமது படி எது?

இனிப் பிள்ளையின் கேள்விக்கு வருவோம். தமிழகத்திலும் ஈழத்திலும் செம்புக் காலம் என்று தனியே பிரித்துச் சொல்லத்தக்க ஒரு காலம் இல்லை. தமிழகத்தில் கற்கருவிக்குப் பின் நேரே இரும்பு வருகிறது. இலங்கையிலும் அனுராதபுர அகழ்வுகள் காட்டுவது அதைத்தான். செம்பும் வெண்கலமும் பெரும்பாலும் இரும்போடு கூடவேதான் வந்து சேர்கின்றன. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2025 சனவரியில் வெளியிட்ட அறிக்கை, தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் இரும்பின் காலத்தைக் கி.மு. 3345 வரை கொண்டு செல்கிறது. இக்கணிப்பை அறிஞர்கள் இன்னும் விவாதித்து வருகிறார்கள். சிவகளைக்கு அருகே, தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர் உள்ளது. 1899 முதல் 1905 வரை அலெக்சாந்தர் றீ அங்கே தோண்டியபோது, தாழிகளோடு இரும்புக் கருவிகளும், மூடியில் எருமையும் பறவையும் நிற்கும் அழகிய வெண்கலக் கலங்களும் வந்தன. வேலைக்கு இரும்பு, மதிப்புக்கு வெண்கலம்! ஒகையோ மக்கள் கல்லையும் செம்பையும் பிரித்து வைத்துக்கொண்டதைப் போலத்தான் இதுவும்.

ஆகவே நாமும் ஒரு படியைத் தாண்டிப் போனவர்கள்தான். பேரேரி மக்கள் ஒரு படியில் ஏறி, வேண்டாமென்று இறங்கினவர்கள். பிள்ளைக்கு இதைச் சொல்லலாம். ஆசிரியையிடமும் சொல்லச் சொல்லலாம்.

சொல்லிலும் ஒரு வேடிக்கை உண்டு. செந்நிறத்தால் செம்பு என்று பெயர் பெற்ற உலோகம், தண்ணீர் மொள்ளும் கலத்துக்குத் தன் பெயரைக் கொடுத்துவிட்டது. அதனால்தான் பித்தளைச் செம்பு என்றும், வெள்ளிச் செம்பு என்றும், எவர்சில்வர்ச் செம்பு என்றும் கூசாமற் சொல்கிறோம். அமெரிக்காவின் ஒரு சதக் குற்றியும் இப்படித்தான். 1982 வரை அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு செம்பு. அந்த ஆண்டிலிருந்து உள்ளே நாகம், மேலே செம்புப் பூச்சு மட்டும். 2025 நவம்பர் 12ஆம் நாள் பிலடெல்பியாவில் கடைசிச் சதம் அடித்து, புழக்கத்துக்கு அடிப்பதையே நிறுத்திவிட்டார்கள். போத்தலில் சேர்த்து வைத்திருப்பவர்கள் ஆண்டைப் பார்த்துப் பிரித்து வையுங்கள். ஆனால் உருக்கிவிடாதீர்கள், அதற்குச் சட்டம் தடை.

நியூ ஜேர்சி மண்ணிலும் செம்பு உண்டு. வட ஆர்லிங்டனில் 1710களில், ஸ்கைலர் என்ற பண்ணைக்காரரின் நிலத்தில், அடிமையாக இருந்த ஓர் ஆபிரிக்கர் பச்சைக் கல்லைக் கண்டெடுத்தார் என்பது அங்குள்ள வரலாற்றுச் செய்தி. கண்டவரின் பெயர் நிற்கவில்லை, நிலக்காரரின் பெயர் சுரங்கத்துக்கு நின்றது. கல்லை உருக்க இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அந்தச் சுரங்கத்தில் ஊறிய நீரை இறைக்கத்தான் 1753இல் அமெரிக்காவின் முதல் நீராவி இயந்திரம் கப்பலில் வந்திறங்கியது.

பேரேரிச் செம்பின் கதையும் அப்படியே போனது. ஒன்ரனாகன் ஆற்றங்கரையில் 3,708 இறாத்தல் எடையுள்ள ஒரு செம்புப் பாறை கிடந்தது. ஒஜிப்வே மக்களுக்கு அது வழிபாட்டுக்குரியது. 1842இல் லா போயின்ற் என்ற இடத்தில் செய்த உடன்படிக்கையால், ஏரியின் தென்கரைச் செம்பு நிலம் அவர்கள் கையை விட்டுப் போயிற்று. அடுத்த ஆண்டே டிற்றோயிற் வணிகர் ஒருவர் பாறையைக் காட்டுவழியே இழுத்து வந்து, தலைக்கு 25 சதம் வாங்கிக்கொண்டு மக்களுக்குக் காட்டினார். அவரிடமிருந்து அரசாங்கம் எடுத்து வாசிங்டனுக்குக் கொண்டு சென்றது. கீவினோ விரிகுடா ஒஜிப்வே சமூகத்தினர் 1991இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்திடம் அதைத் திருப்பித் தரும்படி கேட்டார்கள். கொடுக்கவில்லை. பாறை இன்னும் ஸ்மித்சோனியனிடமே இருக்கிறது.